திங்கட்கிழமைச் சூடு

1935 ஜூன் 11, செவ்வாய்

மில்லுக்குப் போக ஆரம்பித்து எட்டு நாள். இன்றும் மாமா என்னை ஒருவருக்குக் காட்டினார். "நம்ம மாப்பிள்ளைங்க. பி.ஏ. பிசிக்ஸ். மிசினு சமாச்சாரமெல்லாம் இனி இவருதானுங்க." வந்தவர் நூல் தரகர். பிசிக்ஸ் என்பது ஏதோ நாட்டு மருந்துச் சரக்கு என்று நினைத்திருப்பார். மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பைகாரா நீர்வீழ்ச்சியிலிருந்து கரண்டு வந்தாலும் வந்தது, கோயமுத்தூரில் நாலு பொதி பருத்தி வைத்திருந்தவனெல்லாம் மில் முதலாளி ஆகிவிட்டான். மாமாவும் அதில் ஒருவர். என் மனைவி தெய்வாத்தாளைப் பெற்றவர் என்பதால் இதை வெளியே சொல்வதில்லை. மோட்டார் என்றால் அவருக்குப் பட்டனை அமுக்கினால் சுற்றுவது. நின்றுவிட்டால் யாரையாவது திட்டுவது. கருமத்தம்பட்டிக்கு இப்பால் அவிநாசி ரோட்டின் மேல் மில்லைக் கட்டி, 'பாலுசாமிக் கவுண்டர்' என்று தன் பெயரை ஆள் உயர எழுத்தில் முகப்பில் பதித்து வைத்திருக்கிறார். உள்ளே என்ன சுற்றுகிறது என்று கேட்டால் தெரியாது.

நான் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டேன்? எட்டு வருஷம் காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டர். லெக்சரர் பேசுவார், நான் கம்பியைப் பிடித்துக் காட்டுவேன். அவர் சொல்லும் தப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பது ஒரு பிழைப்பா? இங்கே முட்டாள்கள் அதிகம். ஆனால் பேசுவது நான்.

ஜூன் 14, வெள்ளி

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தலைக்கு மேலே ஒரு நீள உருக்குத் தண்டு ஓடுகிறது. இவர்கள் ஷாப்ட் என்கிறார்கள். மோட்டார் அதைச் சுற்றும். அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி எல்லா மிஷின்களையும் சுற்றும். ஷாப்ட்டைத் தாங்குவது நாலு பேரிங். பேரிங்குக்கு உள்பக்கம் மெத்தென்ற ஈயக் கலவை வார்த்திருக்கும். அதில் ஒன்று தேய்ந்துபோய்ப் புதிதாக வார்த்தார்கள். இரண்டு நாளாக மில் நிற்கிறது. மாமா கொதித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரசாக்கு ரெண்டு நாளாச் சொரண்டிட்டே இருக்கறான். என்னன்னு போய்ப் பாருங்க மாப்பிள்ளே."

போய்ப் பார்த்தேன். மிஷின் பொருத்துகிற பிட்டர், இந்த ரசாக். நாற்பது வயசு இருக்கும். போத்தனூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பதினாறு வருஷம் இருந்தானாம், எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறான். பேரிங்கை மடியில் குழந்தை மாதிரிக் கிடத்திக்கொண்டு, உள்பக்கத்தைச் சின்னக் கத்தியால் சுரண்டுகிறான். சுரண்டுவது, நீலம் தடவுவது, ஷாப்ட்டில் வைத்துச் சுற்றுவது, நீலம் எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பது, மறுபடி சுரண்டுவது. தொட்டுப் பார்த்தேன். அம்மைத் தழும்பு விழுந்த கன்னம் மாதிரி இருந்தது.

"ஏப்பா, இது என்ன கோழி கிளறின மாதிரி?"

"அப்பிடித்தானுங்க இருக்கோணும். அந்தக் குழிக்குள்ளாறதான் எண்ணெ ஒக்காருமுங்க."

உட்காருவதற்கு எண்ணெய் என்ன சம்பந்தி வீட்டுக்கா வந்திருக்கிறது என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

கரடு அதிகமானால் உராய்வு அதிகம், வழவழப்பானால் உராய்வு குறைவு. நாலாவது பாரம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். பதினாறு வருஷம் இரும்போடு கிடந்தவனுக்குத் தெரியவில்லை. அனுபவம் என்பது இதுதான் — ஒரே தப்பைப் பதினாறு வருஷம் செய்வது.

கண்ணாடி மாதிரி மெருகேற்றச் சொன்னேன். "வேண்டாமுங்க" என்றான். மறுபடி சொன்னேன். "நீங்க சொன்னாச் செய்யறேனுங்க" என்று கத்தியைத் துணியில் சுற்றி வைத்தான். அந்தச் சுற்றலில் ஒரு திமிர் இருந்தது.

ஜூன் 15, சனி

நானே நின்று செய்வித்தேன். சாக்குக்கட்டிப் பொடியும் எண்ணெயும் போட்டு ஆறு மணி நேரம். முடிந்தபோது பேரிங்குக்குள் என் மீசை தெரிந்தது.

ஜூன் 18, செவ்வாய்

ஓட்டிவிட்டோம். சத்தமே இல்லை. மற்ற மூன்றும் முனகுகின்றன, என்னுடையது மட்டும் வாய் திறக்கவில்லை. மாமா ஷாப்ட்டுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "படிச்ச படிப்பு வீண் போகுமுங்களா" என்றார். அவர் பாராட்டுக்கு நான் மகிழ்வதா? மகிழ்ந்தேன். அதுவும் ஒரு கேவலம்தான்.

ஜூலை 2, செவ்வாய்

நாலு பேரிங்குகளையும் மெருகேற்றியாகிவிட்டது. காலேஜ் விஞ்ஞான சங்கத்திலிருந்து கடிதம்: செப்டம்பரில் உராய்வைப் பற்றிப் பேச வரவேண்டுமாம். எட்டு வருஷம் கம்பி பிடித்தவனை மேடைக்குக் கூப்பிட, அவன் ஒரு முதலாளியின் மாப்பிள்ளையாக மில்லுக்குள் நுழையவேண்டியிருக்கிறது. போவேன். அந்த லெக்சரரை முன்வரிசையில் உட்காரவைத்துப் பேசுவேன்.

சாயந்திரம் ரசாக் வந்து வாசலில் நின்றான்.

"திங்கக்கெழமை மட்டும் பேரிங்கு சுடுதுங்க."

"மற்ற நாளெல்லாம்?"

"சுடறதில்லீங்க. ஞாயித்துக்கெழம மில்லு நின்னு, திங்கக்கெழம காலைல ஓட்டறபோது மட்டும். ஒரு மணி நேரத்துல ஆறிப்போகுதுங்க."

"இரும்புக்குப் பஞ்சாங்கம் தெரியுமா ரசாக்? ராகுகாலம் பார்த்துச் சுடுகிறதா?"

அவன் போய்விட்டான். தோற்றவனின் புகார். என் பேரிங்குகள் சத்தமில்லாமல் ஓடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

பத்து மணிக்குப் போய் ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. கீழே ரசாக் நின்றான். "ஏழு மணிக்கு வாங்க" என்றான். எனக்கு உத்தரவு!

ஏழு மணிக்கு நான் குளிப்பேன்.

ஜூலை 22, திங்கள்

தீ.

ஏழேகாலுக்கு. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆள் சைக்கிளில் வந்தான். கார் எடுத்துப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடம் முழுக்கப் புகை, ஈரமணல், கருகின பஞ்சு வாடை. இரண்டாவது பேரிங் ஷாப்ட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஈயம் உருகி வழிந்திருக்கிறது. சுற்றிலும் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியில் பற்றிவிட்டது.

ரசாக் ஏணி மேல் இருந்தான். வாராவாரம் திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஏறி, நாலையும் தொட்டுப் பார்ப்பானாம். யாரும் சொல்லாமல். இன்று தொட்டபோது உருகின ஈயம் வலது கையில் கொட்டிவிட்டது. அந்தக் கையாலேயே பஞ்சு நெருப்பை அடித்து அணைத்திருக்கிறான். அது பரவியிருந்தால் உள்ளே அறுபது பெண்பிள்ளைகள். கூடத்துக்குக் கதவு ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் பார்க்கவில்லை. கை எப்படி இருந்தது என்று ஒருவன் சொல்ல வந்தான். வேண்டாம் என்றேன்.

எப்படிப் பிடிக்கும்? அவ்வளவு வழவழப்பு. எப்படி?

ஜூலை 24, புதன்

எண்ணெய் போடாமல் விட்டிருக்கவேண்டும். அல்லது பேரிங்கைக் கோணலாகப் பொருத்தியிருக்கவேண்டும். வேறு வழியில்லை. பரப்பில் குறையில்லை, நானே பார்த்தேன்.

மாமா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நஷ்டஈட்டுக் கேசுன்னு வரும் மாப்பிள்ளே. மில்லு மேல பழி வரக்கூடாது. நீங்க படிச்சவரு, எழுதிக் குடுத்தா நிக்கும்."

எழுதினேன். பொருத்தினவரின் அசட்டையால் பேரிங் கோணியது. இதுவரை என் அபிப்பிராயம்.

"ஓடறப்ப ஏணி மேல ஏறக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருந்தோம்னு ஒரு வரி சேத்துருங்க."

அப்படி ஓர் உத்தரவு கிடையாது. மாமாவுக்கும் தெரியும். ஒரு வரிதானே. இனிமேல் போடவேண்டிய உத்தரவுதானே. அவனை ஏறச் சொல்லி யார் சொன்னது?

சேர்த்தேன். கையெழுத்துக்குக் கீழே பி.ஏ. என்றும் போட்டேன்.

ஆகஸ்டு 3, சனி

ரசாக்கை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே காகிதத்தைக் கொடுத்தார்களாம்.

ஆகஸ்டு 18, ஞாயிறு

செப்டம்பர்ப் பேச்சுக்கு வெறும் வாய் போதாது. கண்ணுக்கு நேரே காட்டினால்தான் அந்தக் கூட்டத்துக்குப் புரியும். வீட்டிலேயே ஒரு சாய்பலகை செய்துகொண்டேன். ஒரு முனையில் கீல். மேலே உருக்குத் தகடு. அதன் மேல் பேரிங் ஈயத்தில் வார்த்த ஒரு கட்டை. பலகையை மெல்ல உயர்த்திக்கொண்டே போவது. கட்டை எத்தனை டிகிரியில் வழுக்குகிறது என்று குறிப்பது. சீக்கிரம் வழுக்கினால் உராய்வு குறைவு.

கரட்டு அரத்தால் தேய்த்த கட்டை: 31. மெல்லிய அரம்: 24. மெருகிட்டது: 20.

எதிர்பார்த்தபடியே. தெய்வாத்தாள் எட்டிப் பார்த்து, "இதுக்குத்தான் காலைலிருந்து சோறுகூட உங்காம கெடக்கறீங்களா?" என்றாள். அவளிடம் விளக்குவது வீண்.

ஆகஸ்டு 20, செவ்வாய்

முட்டாள்தனமான பலகை. கட்டையையும் தகட்டையும் இன்னும் மெருகிட்டு, கண்ணாடி போலாக்கி, ஸ்பிரிட்டால் கழுவித் துடைத்து வைத்தேன். 20-க்கும் கீழே வரவேண்டும். 38!

பலகை கோணல். கீல் மட்டரகம். மறுபடி செய்தேன். 37. மறுபடி. 39.

ஆகஸ்டு 23, வெள்ளி

எண்ணெய் போட்டுப் பார்த்தேன். மெருகிட்ட கட்டை 4 டிகிரியில் வழுக்கியது. ரசாக் பாணியில் நானே கத்தியால் சுரண்டின இன்னொரு கட்டை 6. ஆக, எண்ணெய் இருந்தால் நான் சொன்னதுதான் சரி. அப்பாடா.

ஆனால் திங்கட்கிழமை?

ஆகஸ்டு 26, திங்கள்

சனிக்கிழமை சாயந்திரம் இரண்டு கட்டைகளையும் எண்ணெய் போட்டுத் தகட்டின் மேல் வைத்து, கட்டைக்கொரு பத்து ராத்தல் எடைக்கல்லை ஏற்றிவிட்டு, ஞாயிறு முழுக்கத் தொடாமல் இருந்தேன். மில் எப்படி நின்றதோ அப்படி. இன்று காலை ஏழு மணிக்கு எடையை இறக்கிப் பலகையை உயர்த்தினேன்.

சுரண்டின கட்டை 7 டிகிரியில் நழுவிவிட்டது.

மெருகிட்டது 8-இல் அசையவில்லை. 10. 12. 15. 17-இல் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு புறப்பட்டது. அடியில் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் இல்லை. ஓரத்தில் கோடாகப் பிதுங்கிக் கிடந்தது.

வாரம் ஒரு தடவையாக நாலு தடவை பார்க்க ஒரு மாசம் ஆகும், அவ்வளவு வேண்டியதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு வழவழப்பான பரப்பும் பூதக்கண்ணாடியில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்பு தொடுகிறது என்பதெல்லாம் பேச்சுக்கு. மேட்டுக்கு மேடு சில இடத்தில் தொடும், மற்றதெல்லாம் இடைவெளி. எண்ணெய் தங்குவது அந்த இடைவெளியில். நான் இடைவெளியைத் தேய்த்து எடுத்துவிட்டேன். ஓடும்வரை தெரியவில்லை — சுற்றுகிற சுற்றில் எண்ணெய் உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் நின்றதும் ஷாப்ட்டின் கனம் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிவிட்டது. திங்கட்கிழமை காலையில் உலோகம் உலோகத்தை முழு உடம்போடு பிடித்துக்கொண்டு நின்றது.

குழிக்குள்தான் எண்ணெய் உட்காரும் என்று அவன் சொன்னான். ஒரே வாக்கியம். நான் அதை வைத்து எல்லாரையும் சிரிக்கவைத்தேன்.

தெய்வாத்தாள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னங்க, மொகம் இப்பிடி இருக்குது?"

சொன்னேன். எல்லாவற்றையும். ஏணி உத்தரவு என்று எழுதின அந்த வரியையும். அவளுக்குப் புரியாது என்று நினைத்துத்தான் சொன்னேன் — சுவரிடம் சொல்வதுபோல. நன்றாகப் புரிந்துவிட்டது.

"அந்த மனுசனோட கை இப்ப எப்பிடியிருக்குதுங்க?"

தெரியாது என்றேன்.

"ஒரு மாசமாச்சு. போயிப் பாக்கவே இல்லீங்களா?"

இட்லியை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்டு 29, வியாழன்

மாமாவிடம் போனேன். சாய்பலகை, டிகிரி எல்லாம் சொன்னேன். என் ரிப்போர்ட் தப்பு, வேறு எழுதித் தருகிறேன் என்றேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். முடித்ததும்,

"அது எனக்குத் தெரியுமுங்க மாப்பிள்ளே."

"எது?"

"நீங்க ரிப்போர்ட்டு எழுதிக் குடுத்த அன்னைக்கே போத்தனூர்லிருந்து வேறொரு ஆளக் கூட்டியாந்து நாலையும் பழையபடி சொரண்டச் சொல்லிப்போட்டேன். இப்பத் திங்கக்கெழம சுடறதில்லீங்க. நீங்க அண்ணாந்து பாக்கல போல."

ஒரு மாசமாக என் ஷாப்ட்டுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறேன். அண்ணாந்து பார்க்கவில்லை.

"அப்படியானால் என் ரிப்போர்ட்?"

"அது கேசுக்குங்க. ஷாப்ட்டுக்கில்ல."

மாமாவை முட்டாள் என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்! அவர் என் படிப்பை நம்பவே இல்லை. என் கையெழுத்தை மட்டும் நம்பினார். பேரிங்குக்கு ரசாக்கின் புத்தி. பழிக்கு என் பி.ஏ. இந்த மில்லில் முட்டாள் யார் என்று இனி தேடவேண்டியதில்லை.

வேறு ரிப்போர்ட் தேவையில்லை என்றார். "எழுதினது எழுதினதாவே இருக்கட்டுமுங்க. தெய்வாத்தா மொகத்துக்காகச் சொல்றேன்."

செப்டம்பர் 8, ஞாயிறு

கோட்டைமேட்டில் மூன்று சந்து சுற்றி ரசாக்கின் வீட்டைக் கண்டுபிடித்தேன். போவதற்கு ஒரு வாரம் தள்ளினேன் என்பதையும் எழுதிவிடவேண்டும். தலைவலி, மழை, கார் இல்லை — ஒவ்வொன்றும் ஒரு பொய்.

அவர் மனைவி தாஜுன்னிசா கதவைத் திறந்தார். யார் என்று சொன்னேன். முகம் மாறியது, ஆனாலும் "வாங்க, உக்காருங்க" என்று முக்காலியைப் போட்டார். டீ வந்தது. ரசாக் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டு வரை புதுத்தோல், பளபளவென்று, கோடு ஒன்றும் இல்லாமல். அதைப் பார்க்காமல் பேசப் பார்த்தேன், முடியவில்லை.

சொல்லி முடித்தேன். எண்ணெய், இடைவெளி, ஞாயிற்றுக்கிழமை.

"இதச் சொல்லவா இத்தன தூரம் வந்தீங்க?" என்றார். "இது எனக்குத் தெரியுமுங்களே."

"அப்படியானால் ஏன் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை?"

"சொன்னேனுங்க. பஞ்சாங்கம் கேட்டீங்க."

நான் குனிந்துகொண்டேன். தாஜுன்னிசா சட்டென்று எழுந்துபோய் அவர் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார். கொதிக்கக் கொதிக்கப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சூடு தெரியறதில்லீங்க இவருக்கு" என்றார் அந்த அம்மா. "நாந்தான் பாத்துப் பாத்து வாங்கி வெக்கோணும். விரல்ல எதுவும் தெரியறதில்ல. மழமழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா — ஒண்ணும் தெரியறதில்ல. அந்த விரல்லதானுங்க எங்க சோறு இருந்துச்சு."

ரசாக் அவரை அதட்டவில்லை. என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை. ஷாப்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டு இது சரிப்படாது என்று ஒதுக்கிவைக்கும் பேரிங்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அது நான் மற்றவர்களைப் பார்க்கும் பார்வைதான். இத்தனை நாள் நான் அதற்கு இந்தப் பக்கம் இருந்ததில்லை.

"இருபத்து மூணாந் தேதி நஷ்டஈட்டு விசாரண. அங்க வந்து சொல்லுவீங்களா? இல்ல, இந்த ஊட்டுக்குள்ளாற மட்டும் சொல்றதுதானுங்களா?"

எழுந்து வந்துவிட்டேன். டீயை முழுக்கக் குடித்தேனா என்றுகூட நினைவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

தெய்வாத்தாளிடம் கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை? இருந்தாலும் கேட்டேன். நாளைக்கு நான் போய்ச் சொன்னால் உன் அப்பன் வீட்டு வாசல் நமக்கு மூடிவிடும், என்ன சொல்கிறாய் என்று.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"மூடட்டுமுங்க. எங்கப்பன் பொய் சொல்லுவாருன்னு எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னுதான் தெரியாது."

செப்டம்பர் 23, திங்கள்

விசாரணை அதிகாரி தமிழ் தெரிந்த ஒரு வெள்ளைக்காரர். என் ரிப்போர்ட்டைக் காட்டி இது உம் கையெழுத்தா என்றார். ஆம். இதில் கண்டது உண்மையா?

"பேரிங்கைக் கெடுத்தது நான். மெருகேற்றச் சொன்னது நான். அவர் வேண்டாம் என்றார்."

"ஏணியில் ஏறக்கூடாதென்ற உத்தரவு?"

"அப்படி ஓர் உத்தரவு இல்லை. எழுதச் சொன்னார்கள். எழுதினேன்."

"நீர் படித்தவர்தானே?" என்றார். அவர் தமிழில் அது கேள்வியா, ஆச்சரியமா என்று தெரியவில்லை. பின்வரிசையில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மில் வக்கீல் என்னைப் பைத்தியம் என்று நிரூபிக்க அரைமணி நேரம் பாடுபட்டார். அந்த அரைமணியில் அவர் சொன்னதில் பாதி உண்மை.

ஒரு பெருமிதமும் வரவில்லை. வந்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

செப்டம்பர் 25, புதன்

வேலை போயிற்று. காரும், காரோடு வந்த டிரைவரும் போயினர். மில்லில் என் மேஜையிலிருந்த, கணக்குப் போடும் ஸ்லைடு ரூலை ஒரு சாக்கில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 28, சனி

காலேஜ் பேச்சு. என் தப்பையே விஷயமாக வைத்துப் பேசினேன். லெக்சரர் முன்வரிசையில் தூங்கினார். விழித்ததும் எழுந்து, வழவழப்பினால் உராய்வு குறைகிறது என்பதைத் திறம்பட விளக்கியதற்காக எனக்கு நன்றி சொன்னார்.

அக்டோபர் 17, வியாழன்

தீர்ப்பு ரசாக்கின் பக்கம். பேப்பரில் இரண்டு வரி. எனக்குத் துடியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. ஹெட்மாஸ்டர் ஓர் அசடு. இல்லை — ஒரு வாரம் போகட்டும், பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒரு கார்டு வந்தது. தாஜுன்னிசா எழுத்து, கோணலும் மாணலுமாக. உக்கடத்தில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்களாம். கிணற்று மோட்டார் பேரிங்குகள் வருகின்றனவாம். இடது கையால் சுரண்டப் பழகிவிட்டாராம். ஆனால் தொட்டுப் பார்க்க விரல் வேண்டும். வைத்த ஆட்கள் இரண்டு பேர் அவசரக்காரர்கள், போய்விட்டார்கள். "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே. வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான்."

தெய்வாத்தாள் வாங்கிப் படித்தாள். "அதனால்தான்-னு தெளிவாப் போட்டிருக்காங்க பாருங்க" என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

1936 பிப்ரவரி 9, ஞாயிறு

அன்னூரிலிருந்து தம்பிதுரை என்றொரு பண்ணையக்காரர் வில்வண்டியில் வந்திறங்கினார். கிணற்று மோட்டார் பேரிங். கொட்டகைக்குள் பார்த்தார். ரசாக் பாய் பெஞ்சில். நான் எண்ணெய்க் கறை பனியனோடு கீழே.

"ஏப்பா, அதச் செத்த இப்பிடித் திருப்பு, பாக்கலாம்" என்றார் என்னிடம்.

திருப்பினேன்.

"ஆளு வேல தெரிஞ்சவனுங்களா பாய்?"

ரசாக் பாய் தலை நிமிரவில்லை. "கத்துக்கறாருங்க" என்றார்.

பேரிங்கில் ஒரு அங்குலச் சதுரத்துக்குள் எத்தனை இடத்தில் நீலம் அழிந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்வது என் வேலை. அத்தனை இடத்தில்தான் ஷாப்ட் தொடுகிறது, மற்றதெல்லாம் எண்ணெய்க்கு. வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, எண்ணினேன்.

"பதினெட்டு" என்றேன்.

"பதினாறு" என்றார் ரசாக் பாய், எட்டிப் பார்த்து.

மறுபடி எண்ணினேன். பதினாறுதான்.